தண்ணீரில் நின்ற ஒற்றைப் பனை

போன வாரம் முழங்கால் வலிக்காக மேடவாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். முழுக்கப் பனி, மூலையில் இலையில்லாத ஒரு மரம், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலி அம்மாள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "படத்துல ஒண்ணுமே இல்லியே சார், இதைப் போய் மாட்டி வச்சிருக்காங்க" என்றார். சிரித்து வைத்தேன். அப்படி ஒன்றுமே இல்லாத படங்களுக்காக மூன்று வருடம் அலைந்தவன் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? முழங்காலும் அந்த நடையில் தேய்ந்ததுதானோ என்னவோ.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, ஒரு மாடியில் இருந்த மனை விற்கும் கம்பெனியில் எனக்கு வேலை. பொத்தேரியிலிருந்து கோவிலம்பாக்கம் வரை எங்கே கல் நட்டாலும் நான் போய்ப் படம் எடுத்து வர வேண்டும். "வானம் நல்லா ப்ளூவா வரணும்பா. பாக்கறவன் நாளைக்கே பால் காய்ச்சணும்னு நினைக்கணும்" என்பார் மேனேஜர். கம்பெனி கேமராவில் கலர் ஃபிலிம். வானம் நீலமாகத்தான் வந்தது.

என் பையில் சொந்தக் கேமரா ஒன்றும் இருக்கும். அதில் ஒரு பழைய ஐம்பது எம்எம் லென்ஸ், ரஷ்யாவில் செய்தது, என்னைவிட வயதில் மூத்தது. கண்ணாடி ஓரத்தில் பூஞ்சை. வளையத்தைத் திருப்பினால் மணல் அரைபடுகிற சத்தம். ஜூம் எல்லாம் கிடையாது. கிட்டத்தில் வேண்டுமா, முன்னால் நட. தள்ளி வேண்டுமா, பின்னால் நட. அப்படிப் பின்னால் நடந்தே ஒருநாள் வாய்க்காலில் விழுந்து, கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் எடுப்பதெல்லாம் கறுப்பு வெள்ளை. மின்கம்பம் வேண்டாம், குப்பை வேண்டாம், ஆள் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு தொடுவானமும் ஒரு மரமும் மிஞ்சும். அந்த வெறுமையைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வந்தது போல ஒரு நிம்மதி.

ஃபிலிமைக் கழுவியது நான்கு பேர் குடியிருந்த அறையின் குளியலறையில். ஃபிலிம் கழுவும் ஹைப்போ மருந்தின் புளித்த வாடை சோப்பிலும் துண்டிலும் ஏறிவிடும். "மச்சான், உன் ஊறுகாயை எடுத்துக்கிட்டு வெளிய வா, ட்ரெய்ன் போயிடும்" என்று கதவை இடிப்பார்கள்.

ஒரு கார்த்திகை மாதம். கோவிலம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய வெளியில் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். முட்டிவரை தண்ணீர். நடுவே ஒற்றைப் பனை, அதன் நிழல், மீதியெல்லாம் வெள்ளை. எருமை மேய்ப்பவர் ஒருவர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னா சார், தண்ணியப் போயி படம் புட்ச்சிகினு கீறே?"

"இது எவ்வளோ நாள் நிக்கும்ணே?"

"பொங்கல் வரிக்கும் நிக்கும். ஏரி ரொம்புனா இங்கதான் வரும், வேற எங்க போவும்?"

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். கிழக்குத் தாம்பரம் ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பின்னால் பென்சிலால் தேதி எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன்.

சித்திரையில் அதே இடத்துக்குக் கம்பெனி வேலையாகப் போனேன். செம்மண் கொட்டி நிரவி, வரிசையாகக் கல் நட்டிருந்தார்கள். பனையின் அடியில் தண்ணீர் நின்ற கறை முட்டி உயரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்து நின்றேன். படத்திலிருந்து கறை போயிற்று, பனையும் போயிற்று. நீல வானத்தோடு விளம்பரத் தாள் அச்சாகி வந்தது.

மைதிலி அக்கா எங்கள் ஆபீசில் போன் எடுப்பவர். சேலையூரில் வாடகை வீடு, பள்ளிக்கூட வாத்தியார் கணவர், இரண்டு பெண்கள். வீட்டு ஓனர் காலை ஏழு மணிக்கே தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுவார் என்பது அவருடைய தினசரிப் புலம்பல். தன் டப்பாவிலிருந்து பாதி சாதத்தை எனக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒருநாள் சாப்பிடும்போது அந்த விளம்பரத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நீதானே போய்ப் பாத்துட்டு வந்தே. மழையில தண்ணி கிண்ணி நிக்குமா? உண்மையச் சொல்லு."

"நான் படம் எடுக்கப் போனப்ப காஞ்சுதான் கெடந்துச்சுக்கா."

மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது, அந்தப் பயத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மேனேஜர் லீவு. பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. சொல்லச் சோம்பலாக இருந்தது. சொந்த மனை வாங்கப்போகும் அவருடைய சந்தோஷத்தைக் கலைக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான், உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

வாங்கினார்கள், கட்டினார்கள். பால் காய்ச்சிய அன்று நானும் போய் வயிறாரச் சாப்பிட்டேன். அடுத்த ஐப்பசியில் விடாத மழை. மூன்றாம் நாள் பிரெட்டும் பால் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து நீந்தாத குறையாகப் போனேன். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் நனைந்த கணக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா எட்டிப் பார்த்து, "வா தம்பி, உள்ள வான்னு கூப்பிடத்தான் முடியல" என்று சிரித்தார். திட்டியிருக்கலாம்.

தண்ணீர் வடிந்ததும் அந்தப் பனைப் படத்தை என் அறைச் சுவரிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று இன்றும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அக்கா சேறு அள்ளிக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். திருப்பித் தேதியைப் படித்தார். மறுபடி முன்பக்கம்.

"இதுல எங்க வீடு எங்க வரும்?"

பனைக்கு வலப்பக்கம் இருந்த வெள்ளையைக் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார்.

"இதை ஏன் எங்கிட்ட காட்டல?"

"இது... எனக்காகச் சும்மா எடுத்ததுக்கா."

"ம்" என்றார். படத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, "காபி குடிச்சிட்டுப் போ."

காபி கொடுத்தார். படத்தைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மாதமே அவர் வேலையை விட்டார். பொங்கலுக்குப் பிறகு நானும் விட்டேன். கேமராவைத் தொடவே அலுப்பாக இருந்தது. எதைப் படத்துக்கு வெளியே தள்ளிவிட்டு நின்றாலும் அது என் பின்னாலேயே நிற்பது போல இருந்தது. நெகட்டிவ்கள் வீடு மாறிய ஏதோ ஒரு தடவையில் தொலைந்தன.

சில வருடம் கழித்து அவரைத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வீட்டை ஜாக்கி வைத்துத் தரையோடு நாலடி தூக்கிவிட்டதாகவும், பெரியவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகவும் சொன்னார். "நீங்க சௌக்கியமா சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

அந்தப் பக்கம் இப்போது எங்கே நின்றாலும் பார்வை இருபதடியில் ஒரு சுவரில் முட்டுகிறது. எருமைகள் இல்லை, பனையை எந்த வருடம் வெட்டினார்கள் என்று தெரிந்தவர்களும் இல்லை. எங்கள் ஆபீஸ் இருந்த மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். பெருமழை பெய்தால் அந்தத் தெருக்களை டிவியில் காட்டுவார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தரையோடு தூக்கிய வீடு எது என்று தேடிப் பார்ப்பேன். அங்கே எல்லா வீடுகளையும் தூக்கிவிட்டார்கள். அக்காவின் வீடு எதுவென்று இப்போது எனக்கு அடையாளம் தெரிவதில்லை.