கர்னலின் மத்தியானச் சாப்பாடு

லிஃப்ட்காரருக்குத் தன் மனைவி தினமும் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் நாயின் வயிற்றுக்குள் எவ்வளவு கால்சியம் போனால் எவ்வளவு பாஸ்பரஸ் போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. பகலெல்லாம் கம்பியில் தொங்குகிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் செல்போனில் தொங்கினார். நாய் வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் யாரோ அவரைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே இரண்டு கட்சி. நாய்க்குப் பச்சைக் கறிதான் போட வேண்டும் என்று ஒரு கட்சி, வேக வைத்துத்தான் போட வேண்டும் என்று இன்னொரு கட்சி. பாக்கெட் தீனி போடுகிறவர்கள் பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் பச்சைக் கட்சியில் சேர்ந்தார், வாய் கிழியப் பேசினார், கொஞ்ச நாளிலேயே தலைவர் மாதிரி ஆகிவிட்டார்.

அவர் மனைவி தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் மெஷின் போட்டு, கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது, ஜிப் மாற்றுவது என்று கை ஓயாமல் வேலை செய்தாள். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, ஆள் பாதியாகிப் படுத்திருந்தபோது அவள் தங்கை தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தாள். இன்னொருத்தர் உறுப்பு உள்ளே வந்தால் உடம்பு அதைத் துரத்தப் பார்க்குமாம். துரத்தாமல் இருக்கத்தான் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூங்கப் போட்டுவிடும். மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி இவளுக்கு வந்தால் சிறுநீரகத்தையும் கொண்டுபோகும், ஆளையும் கொண்டுபோகும். பச்சைக் கறி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். லிஃப்ட்காரர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு நாள் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டு முழுக்க, எலும்போடு சேர்த்து அரைத்த கோழிக் கறி டப்பா டப்பாவாக வந்து உட்கார்ந்தது. இவள் சாப்பாடு கீழ்த்தட்டுக்கு இறங்கியது. கறி இளகுவதற்குக் கழுவுதொட்டி, பிசைவதற்கு அடுப்பு மேடை. கர்னல் தின்னுவதற்கு இடம், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வெளிச்சமான மூலை. படம் நன்றாக விழுமாம்.

கர்னல் என்பது நாய். பழுப்பு நிறம், பெரிய உருவம், குழந்தை மனசு. அது கறியைத் தின்றுவிட்டு ஈரத் தாடையோடு நேரே வந்து இவள் மடியில்தான் முகத்தைத் துடைக்கும்.

"என்னங்க, டாக்டர் என்ன சொன்னாரு, மறந்துட்டீங்களா?"

"டாக்டர் உன்னைத்தானே பச்சைக் கறி தின்ன வேணாம்னு சொன்னாரு? உன்னை யாரு தின்னச் சொன்னா?"

"அது நக்குதுங்க. பாத்திரமெல்லாம் ஒரே தொட்டியில கிடக்குது. கொஞ்சம் வேக வச்சுத்தான் போடுங்களேன்."

"வேக வச்சா சத்து செத்துப் போயிடும். காட்டுல ஓநாய்க்கு யாரு அடுப்பு மூட்டி வடிச்சுக் கொட்டுறாங்க?"

"இது காட்டுலயா இருக்குது? இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில ஓடுது."

அவர் சிரிக்கவில்லை. கர்னலைக் கேலி செய்தால் அவருக்குப் பொறுக்காது. அன்றைக்கு முழுக்க அவளோடு பேசாமல் இருந்துவிட்டு, நாயிடம் மட்டும் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினார்.

தடுப்பூசி போடப் போனபோது கால்நடை மருத்துவரும் சொல்லிப் பார்த்தார். "பச்சையா போட்டு நல்லா இருக்கிற நாயும் பாத்திருக்கேன், வேக வச்சுப் போட்டு நல்லா இருக்கிற நாயும் பாத்திருக்கேன். அந்தச் சண்டைக்கு நான் வரல. ஆனா உங்க வீட்டம்மாவுக்கு இப்படி இருக்கும்போது உங்க வீட்ல மட்டும் வேணாம்ங்க." லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்ததும் அந்த மருத்துவர் தீனிக் கம்பெனியிடம் காசு வாங்குகிறவர் என்று குழுவில் எழுதினார். பிறகு மருத்துவரை மாற்றினார். கறியை மாற்றவில்லை.

தங்கைக்கு விஷயம் தெரிந்து நேரில் வந்தாள். அவள் ஒரு கடையில் கல்லாவில் இருப்பவள். நாள் முழுக்க அடுத்தவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பேசி, சொந்தக்காரர்களுக்கு என்று அவளிடம் பொறுமை மிச்சமில்லை.

"மாமா, என் வயித்தைக் கிழிச்சு எடுத்துக் கொடுத்தது இது. நாய்க் கிண்ணத்துக்கிட்ட வச்சு விளையாடுறதுக்கு இல்ல."

"கொடுத்தாச்சுல்ல? கொடுத்ததைச் சொல்லிக் காட்டுறது நல்ல பழக்கம் இல்ல."

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது. உங்க அக்கா கையுறை போட்டுக்கட்டும். வாங்கி வச்சிருக்கேன் பாரு."

வாங்கித்தான் வைத்திருந்தார். ஆனால் குளிர்ப்பெட்டிக் கறியைப் பிசையும்போது விரல் விறைக்கிறது என்று அவரே அத்தனையையும் போட்டுத் தீர்த்துவிட்டார். அதோடு நின்றாரா? பகலில் தனக்கு வேலை இருப்பதால் மத்தியானச் சாப்பாட்டை நீதான் போட வேண்டும் என்று அவள் தலையில் கட்டினார். வெறும் நாய்ச் சோறுதானே, டப்பாவைத் திறந்து கவிழ்ப்பதற்கு என்ன கேடு என்றார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. அப்புறம் நாள் கணக்கில் நீளும் அந்த மௌனத்தை நினைத்தாள். நோயில் படுத்தவளுக்குச் சண்டை போடத் தெம்பு இருப்பதில்லை, அதை அவர் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் வேலைக்குக் கிளம்பியதும் ஒரு பழைய சட்டியை எடுத்து, டப்பாவைக் கவிழ்த்து, தளதளவென்று கொதிக்க விட்டாள். காலையிலும் ராத்திரியிலும் அவர் கையால் போடுவதைக் கர்னல் முகர்ந்து பார்த்துவிட்டுப் பாதியை வைத்துவிடும். மத்தியானம் மட்டும் கிண்ணத்தைத் தரையோடு தேய்த்து நக்கும். போகப் போக அது மத்தியானத்தை மட்டுமே நம்பிக் காத்திருக்கப் பழகியது. மிச்சம் வைத்த பச்சைக் கறியையும் அவள் மறுநாள் வேக வைத்துவிடுவாள். கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சட்டியில் போடுகிற வரைக்கும்தான் பயம். வெந்துவிட்டால் பயமில்லை என்று நினைத்தாள். தன் வீட்டு அடுப்பில் திருட்டுத்தனமாகச் சமைக்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது. ஆனாலும் கர்னல் வாலை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் ஒரு ஓரத்தில் சிரிப்பும் வந்தது.

வெந்த கறியில் கர்னல் மினுமினுத்தது. லிஃப்ட்காரர் அதை நிற்க வைத்து, படுக்க வைத்து, பல்லைத் திறந்து காட்டி விதவிதமாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். பச்சைக் கறியின் மகிமை என்று கீழே எழுதினார். கடைசியில் இரண்டு கட்சியும் ஒரு பூங்காவில் நேருக்கு நேர் கூடின. வேக வைக்கிறவர்கள் சார்பில் ஒரு பல் டாக்டரம்மா ஆராய்ச்சித் தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். லிஃப்ட்காரர் ஒரு தாளும் கொண்டுவரவில்லை. கர்னலைத்தான் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தடவிப் பாருங்கம்மா. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்?"

டாக்டரம்மா தடவிப் பார்த்தார். காதைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். "என் நாய் இப்படி இல்லைங்க. ஒத்துக்கறேன். நானும் பச்சைக்கே மாறிப் பாக்கறேன்" என்றார். கைதட்டல் எழுந்தது. தையல்காரி நாய்க் கயிற்றைப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொல்லியிருந்தால் அவர் மானம் அங்கேயே கப்பலேறியிருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அந்த ரகசியம்தான்.

அடுத்த வாரமே காய்ச்சல் வந்தது. ஊசி குத்திய விரலோடு பிளாஸ்டிக் பையைச் சுற்றியிருந்தாளோ, பை கிழிந்திருந்ததோ, யாருக்குத் தெரியும். முதலில் வெறும் குளிர், பிறகு வயிறு நிற்காமல் போயிற்று. மெஷின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது. லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்து, முதலில் கர்னலின் மத்தியான டப்பா திறக்காமலே இருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சலை அடக்க வேண்டுமென்றால் எதிர்ப்பு சக்தியை எழுப்பியாக வேண்டும், எழுப்ப வேண்டுமென்றால் அந்த மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினார்கள். ஆள் பிழைத்தாள். விழித்துக்கொண்ட உடம்பு, முதல் வேலையாகத் தங்கை கொடுத்ததைத் துரத்திவிட்டது.

டாக்டர் கட்டிலருகே வந்து அதைச் சொன்னபோது தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள். தன்னையறியாமல் அவள் கை இடுப்புப் பக்கம் போனது. லிஃப்ட்காரர் கட்டிலின் கால்மாட்டில் நேராக நின்றுகொண்டிருந்தார்.

"இனிமே மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கணும். இன்னொரு கிட்னி கிடைக்கிறது கஷ்டம்" என்ற டாக்டர், அவரைப் பார்த்துக் கேட்டார். "ரத்தத்துல இருக்கிறது கறியில வர்ற கிருமி. வீட்ல பச்சைக் கறி புழங்குமா?"

"இல்லைங்க டாக்டர். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை."

தங்கை வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் தையல்காரி தெளிவாகத்தான் பேசினாள்.

"புழங்கும் டாக்டர். நாய்க்கு வாங்குவாரு. நான்தான் தினமும் அதைத் தொட்டு வேக வைப்பேன்."

லிஃப்ட்காரர் முகம் வெளுத்தது. தங்கை ஒரு கணம் அவர் அழப்போகிறார் என்றே நினைத்துவிட்டாள்.

"வேக வச்சியா?" என்றார். "எத்தனை நாளா? அப்போ நான் போட்ட படத்துல எல்லாம் கர்னல் தின்னது வெந்த கறியா?"

தையல்காரி அவரைப் பார்த்தாள்.

"ஆமாங்க. பூங்காவுல அந்தம்மா தடவிப் பாத்ததும் வெந்த கறிதான்."

சிறுநீரகம் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது நின்றுகொண்டே கேட்ட மனிதர், இப்போது கையால் துழாவி ஒரு நாற்காலியைப் பிடித்து இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.