பகைவீட்டில் கை நனைத்தவர்

பிச்சையா காலமான செய்தி கோர்ட்டுக் கச்சேரி வாசலில் எனக்குக் கிடைத்தது. காலையில் குளித்துவிட்டு வந்து பலகையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். சாவிலும் இந்த மனுஷனுக்குத்தான் அதிர்ஷ்டம் என்று எனக்கு முதலில் தோன்றியது. பாளையங்கோட்டையில் ஒரே வக்கீலிடம் அவரும் நானும் குமாஸ்தாக்களாக இருந்தோம். அவரைப் பார்த்து நான் வயிறெரிந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது.

எங்கள் இருவர் வீட்டிலும் கொலை விழுந்திருந்தது. என் அண்ணனைச் சாத்தான்குளம் பாதையில் வெட்டினார்கள். சாட்சிகள் கோர்ட்டில் மாற்றிச் சொன்னார்கள். வெட்டியவன் விடுதலையாகி, இன்றைக்கும் ஆனித் தேருக்கு மாலையும் கழுத்துமாக வடம் பிடிக்கிறான். பிச்சையாவின் தம்பியை மடைத் தண்ணீர்த் தகராறில் பங்காளி ஒருவன் மண்வெட்டியால் அடித்துக் கொன்றான். அவனுக்குத் தூக்கு கிடைத்தது. தீர்ப்பு வாசித்த அன்று எல்லோரும் பிச்சையாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். எனக்குக் கிடைக்காத நியாயம் அவருக்குக் கிடைத்ததே என்று வாய் கசந்தது.

தூக்குப் போட்ட மறுநாள் அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். மனசுக்கு எப்படி இருக்கிறது என்று விடாமல் நச்சரித்தேன்.

"நேத்து எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கேன் வே," என்றார். "ரெண்டு வீட்டுலயும் இப்ப ஆளுக்கொண்ணு குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

வயிறு முட்டச் சாப்பிட்டவன் பசித்தவனிடம் சாப்பாட்டில் ருசியில்லை என்று சொன்னது போல இருந்தது எனக்கு. வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கொலை விழுந்த வீட்டார் கொன்றவன் வீட்டில் கை நனைப்பதில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பேரன் காலத்திலும் அந்தப் பகை நிற்கும். தூக்கில் போனவனின் பதினாறாம் நாளன்று பிச்சையா அவன் தெருவில் நுழைவதைப் பார்த்தேன். மனசு ஆறாமல் அந்த வீட்டில் இன்னொரு தலையையும் எடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். தடுப்பதற்காக நான் பின்னால் போகவில்லை. என்னால் ஆகாததை அவராவது செய்யட்டும், கண்ணாரப் பார்க்கலாம் என்று போனேன்.

அங்கே இலை போட்டிருந்தார்கள். உட்கார ஆளில்லை. தூக்கில் போனவன் வீட்டுச் சோறு என்று உறவெல்லாம் ஒதுங்கிவிட்டது. அவன் தாய் மட்டும் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் இருந்தாள். பிச்சையா போய் முதல் இலையில் உட்கார்ந்தார்.

"ஏய்யா, இங்கன நீ சாப்பிடலாமா?" என்றாள் அவள்.

"பசிக்கு சித்தி. போடுங்க."

ரசத்துக்கும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் தெருவிலேயே நின்றேன். அவருக்குக் கிடைத்த தீர்ப்பைப் பார்த்துப் பட்ட பொறாமையெல்லாம் அந்த இலையைப் பார்த்துப் பட்டதில் கால்வாசி வராது.

எப்படிச் சோறு இறங்கியது என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"முதல் கவளம் இறங்கல வே. அவ முகத்தைப் பார்த்தேன். எங்கம்மா தம்பிக்கு அழுத அதே முகம். பொறவு இறங்கிட்டு."

நேற்று அவர் தலைமாட்டில் அந்தக் கிழவிதான் உட்கார்ந்து, ஏ மவனே என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பெற்ற மகனுக்கு வாய்விட்டு அழ ஊர் அவளை விடவில்லை. எனக்கு இப்படி அழ யார் வருவார்கள் என்று அங்கேயும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

மன்னிக்கிற குணம் அவரிடமிருந்து எனக்கு ஒட்டவில்லை. என் அண்ணனை வெட்டியவன் தூக்கில் தொங்கினால் இன்றும் சந்தோஷப்படுவேன். ஆனால் அவனுக்கும் டவுணில் ஒரு தாய் இருக்கிறாள். பிச்சையா அந்த இலையில் உட்கார்ந்த நாள் முதல் அவள் தெரு வழியாக நான் போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அவர் எனக்கு விட்டுச் சென்றது அந்தச் சுற்றுவழிதான். வெயிலில் போகிறானே என்று அவள் ஒரு செம்புத் தண்ணீரோடு கூப்பிட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?