ஒன்பது கிலோ

விமானத்தை முதன்முதலாக எடை போட்டது மதுராந்தகத்தில் ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில். ஆறு வருடமாக அங்கேதான் அதைக் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்று சக்கரங்களுக்கு அடியில், மூட்டை எடை போடும் மூன்று தராசுகளை வைத்தோம். காற்று பட்டால் இறக்கை கொஞ்சம் தூக்கிவிடும், எடை தப்பாகக் காட்டும் என்று பொறியாளர் கதவைச் சாத்தச் சொன்னார். ஆறு வருடமாகத் தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பாத வண்டி, கதவிடுக்குக் காற்றில் எழும்பிவிடும் என்று ஒருவர் கவலைப்பட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பொறியாளர் என்றால் அனுமதிக்கான காகிதங்களைத் தயார் செய்து தருகிறவர். சின்ன விமானங்களில் லைட் ஸ்போர்ட் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் பதிவு செய்ய வேண்டுமென்றால் விமானம், இரண்டு ஆட்கள், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து விதி சொல்லும் எடைக்குள் நிற்க வேண்டும். அதனால் என்னையும் என் மனைவியையும் தராசில் ஏற்றி இறக்கினார். கூட்டிப் பார்த்தார். ஒன்பது கிலோ அதிகம்.

"ரெண்டாவது சீட்டைக் கழட்டிடுங்க சார். நீங்க மட்டும் போறதுன்னா பிரச்சினையே இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இறக்கைத் துணி முழுவதும் என் மனைவி தைத்தது. கூடுவாஞ்சேரியில் தையல் கடை வைத்திருப்பவள், இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை நீள ஊசியோடு இந்தக் கொட்டகையில் கழித்தாள். விரலெல்லாம் பொத்தல். அவளைக் கீழே நிறுத்திவிட்டு நான் மட்டும் மேலே போவதற்குப் பதில் போகாமலே இருக்கலாம். கூட வருகிறாயா என்று எப்போது கேட்டாலும் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். பொறியாளரிடம் பத்து நாள் அவகாசம் கேட்டேன்.

ஒன்பது கிலோவைத் தேட ஆரம்பித்தேன். மெத்தையை மாற்றினேன், உபரி வயரை வெட்டினேன், நான்கு இட்லியை இரண்டாக்கினேன். ஒரு கிலோகூடத் தேறவில்லை, கோபம்தான் கூடியது. கடைசியில் இருக்கைகளைக் கழற்றி, அடியில் தரையை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். என் பக்கம் கணீரென்றது. அவள் பக்கம் அம்மிக்கல்லைத் தட்டியது போல இருந்தது.

அந்தத் தரையை ஃபைபரில் செய்து தந்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. மாமல்லபுரத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுகிறவன். இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம் என்று தாளில் எழுதியே கொடுத்திருந்தேன். கூப்பிட்டு அனுப்பினேன். பைக்கில் வந்தான். எத்தனை அடுக்கு என்று கேட்டதற்குப் பத்து என்றான். கூச்சமே இல்லை.

"கரையில வந்து மோதுற எடத்துல பத்து போடுவோம் மாமா. இது எங்க மோதும்னு நீ சொல்லல."

மோதாது என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. சரி, அது ஏன் அவள் பக்கம் மட்டும் என்று கேட்டேன். அவன் சக்கரத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். நான் கத்த ஆரம்பித்ததும் கொட்டகை வாசலில் நின்றிருந்த என் மனைவி குறுக்கே வந்தாள்.

"அவன இன்னாத்துக்குத் திட்ற? நாந்தான் போடச் சொன்னேன்."

பயமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எப்போதிலிருந்து என்றேன். முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தாம். சொல்லியிருக்கலாமே என்றதற்கு, சொன்னால் நான் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்து அவள் உயிரை எடுத்திருப்பேன் என்றாள். உண்மைதான். இரண்டு வருடம் ஒவ்வொரு தையலையும் பயத்தோடு போட்டிருக்கிறாள், பக்கத்திலேயே இருந்து நான் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. சீட்டைக் கழற்றிவிடலாம் என்று நானே சொன்னேன்.

"சீட்ட தொடாத. அந்த அடுக்க மட்டும் எடுத்துடு. நான் பயந்துகினே வர்றேன்."

மறுநாள் மச்சான் உளியால் பெயர்த்து, கிரைண்டர் போட்டுத் தேய்த்தான். பொறியாளர் மறுபடி வந்து கதவைச் சாத்தி எடை போட்டார். விதிக்குள் வந்துவிட்டது, அரை கிலோ மிச்சம். விண்ணப்பத்தில் இருக்கைகள் இரண்டு என்று எழுதினேன்.

எல்லோரும் போன பிறகு ஃபைபர் தூசியைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். ஆறு வருடத்தில் யாரிடமும் சொல்லாததை அப்போது அவளிடம் சொன்னேன். எனக்கும் பயம்தான் என்றேன்.

அவள் முறத்தில் தூசியை அள்ளினாள்.

"தெரியும். ரெண்டு பக்கமும் போடத்தான் சொன்னேன். அவன்தான் அக்கா பக்கம் மட்டும் போட்டுக்கீறான்."