ஏழே காலுக்கு விடியும் ஊர்

நாள்காட்டித் தாளை ஒரே இழுப்பில் கிழிக்கும் "சர்ர்" சத்தமும், அதோடு எழும் மட்டமான அச்சு மையின் வாடையும்தான் என் சிறு வயதில் எங்கள் வீட்டின் காலைப்பொழுது. பினாங்கில் டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. குளித்துத் திருநீறு பூசிய கையோடு அப்பா அந்தத் தாளைக் கிழிப்பார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் ராகு காலத்தை மட்டும் வீடு முழுக்கக் கேட்கும்படி படிப்பார். மளிகைக் கடையில் வருஷப் பிறப்புக்கு இனாமாகக் கொடுத்த நாள்காட்டி அது. அச்சடித்தது தமிழ்நாட்டில், தொங்கியது பினாங்கில்.

அப்பாவை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவரின் பேரன். வானிலை அலுவலகத்தில் உத்தியோகம். அந்த அலுவலகத்துத் திறந்த வெளியில் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கும். அதன் வழியாக விழும் வெயில் கீழே செருகியிருக்கும் அட்டையில் கோடாகக் கருக்கிக்கொண்டே போகும். மாலையில் அந்தக் கருகலை அளந்து, இன்றைக்கு இத்தனை மணி நேரம் வெயில் என்று அப்பா பதிவேட்டில் எழுதுவார். ஒருமுறை என்னைக் கூட்டிப்போய்க் காட்டி, "பாத்தியா, சூரியன் போட்ட கையெழுத்து. இதுல யாரும் பொய் சொல்ல முடியாது" என்றார். அதே மனிதர், வீட்டுக்கு வந்துவிட்டால் ராகு காலத்தில் வாசற்படி தாண்டமாட்டார். "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று முதலெழுத்துகளில் கிழமைகளை ஒளித்துவைத்த அந்த வாய்பாட்டைப் பெருக்கல் வாய்பாட்டுக்கு முன்பே எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தவர். முதலில் நிற்பது திங்கள்; திங்களன்று ஏழரையிலிருந்து ஒன்பது வரை "ராகு". ஏனப்பா இப்படி என்று கேட்டால், "ஆபீஸ் வேற, வீடு வேற" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா மாலதி எனக்கு ஆறு வயது மூத்தவள். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. வருஷத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள். முந்தைய வருஷம் போய்க் கிடைக்கவில்லை; இந்த முறையும் இல்லையென்றால் கல்யாணம்தான் என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். நேர்முகத் தேர்வு கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில், ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரைக்கு. ஒரு வாரமாக அக்கா கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் தனக்குத்தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று ஏழே முக்காலுக்கெல்லாம் சேலை கட்டித் தயாராகிவிட்டாள். உடனே கிளம்பலாம் என்றதற்கு அப்பா, "ஒம்பது அடிக்கட்டும்லா. பெர்ரி ஏறினா பத்து மணிக்குள்ள அங்க நிக்கலாம்" என்றார். அக்கா சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூலையை விரலால் தேய்த்துத் தேய்த்து உட்கார்ந்திருந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் வீட்டில்தான் இருந்தேன். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. ராகு காலம் என்று ஒன்றே கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முதுகுத் தோல் உரிந்துவிடும் என்ற பயம். அதனால் பன்னிரண்டு வயது மேதாவி கணக்கு வழியாகப் போனேன்.

கணக்கு மிகவும் எளிது. சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டு, பகலை எட்டுப் பங்காகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாவது பங்கு என்று எழுதியதுதான் நாள்காட்டியின் ராகு காலம். எங்கள் ஊரிலோ ஆறு மணிக்குத் தெருவிளக்கு எரியும். சூரியன் ஏழே காலுக்குத்தான் எட்டிப் பார்க்கும். அப்பாவின் மேசையிலிருந்த அலுவலக அட்டவணையிலேயே அது இருந்தது. ஆக, பினாங்கின் ராகு காலம் எட்டே முக்காலிலிருந்து பத்தே கால் வரை! அன்று காலை கிழித்த தாளின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா காரை எடுக்கச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். மணி எட்டு ஐம்பது.

"அப்பா, நெஜ ராகு காலம் இப்பதான் ஓடுது. இத்தன வருசமா திங்கக்கெழம ஒம்பது மணிக்கு காடி எடுத்திருக்கீங்க, ஒண்ணும் ஆகலையே?" என்றேன். அடியோடு எல்லாம் அபத்தம் என்று அவருக்கே உறைத்துவிடும் என்பது என் நினைப்பு.

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். அட்டவணையைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டார். பிறகு என்னை அவர் பார்த்த பார்வையில் இருந்தது பெருமை. "கெட்டிக்காரிலா நீ! எனக்கு இது தோணலையே" என்றவர், சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். "அதான் போன வருசம் மாலாவுக்குக் கெடைக்கல. அன்னிக்கும் திங்கதான், ஒம்பது மணிக்குத்தான் கெளம்பினோம்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

"பத்தரைக்குப்பா! நான் பஸ்ல போயிடறேன்பா" என்று அக்கா எழுந்தாள். "கெட்ட நேரத்துல போயி என்னத்தக் கிழிக்கப் போற? உக்காரு. இண்டர்வியூனா எப்பவும் லேட்டாத்தான் கூப்பிடுவாங்க" என்றார் அப்பா. அம்மா தன் பங்குக்கு, "பெரியவங்க சொன்னா கேக்கணும்மா" என்றார். நான் பதறிப்போய், "சும்மா வெளயாட்டுக்குப் போட்டதுப்பா, கணக்கு தப்பா இருக்கும்" என்று கெஞ்சினேன். "கணக்கு சரியாத்தான் இருக்கு. ரெண்டு தடவ பாத்துட்டேன்" என்றார், அலுவலகத்துக் குரலில். அக்கா உட்கார்ந்தாள். பத்தே கால் ஆனதும்தான் அப்பா காரை எடுத்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. பெயரை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்து, வரவில்லை என்று குறித்துவிட்டார்களாம். திரும்பி வந்து அப்பா சொன்ன ஒரே வார்த்தை, "விதி". அக்கா சேலையை மடித்து அலமாரியில் வைத்தாள். அடுத்த தை மாதம் அதையே நிச்சயதார்த்தத்துக்குக் கட்டினாள்.

இன்று அப்பா இல்லை. எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. நாள் கிழிக்கும் சத்தம் எந்த வீட்டிலும் எனக்குக் கேட்கவில்லை. போக வேண்டியது மட்டும் போகவில்லை. போன மாதம் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து அக்கா தன் கைப்பேசித் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். திங்கட்கிழமை அவள் மகளுக்கு நேர்முகத் தேர்வு. இருப்பிடம் பினாங்கு, ராகு காலம் 8.47 முதல் 10.17 வரை என்று, செயற்கைக்கோளை வைத்து நிமிஷ சுத்தமாகக் கணக்குப் போட்டிருந்தது அந்தச் செயலி. கீழே அக்கா எழுதியிருந்தாள்: "நீ அன்னிக்குப் போட்ட கணக்கு அப்படியே வருதுடி. பாப்பாவ எட்டரைக்கே ஏத்தி விட்டுடறேன்."

இத்தனை வருஷத்து எரிச்சலும் விரலுக்கு வந்துவிட்டது. "அக்கா, ராகு காலம்னு ஒண்ணே கெடையாது" என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. "அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லடி."