கப்பில் அளந்த ரெசின்

ரெசின் என்ற, கண்ணாடி போல இறுகும் பிசினை ஊற்றிச் செய்து, இறுகாமல் போன ட்ரே, கடிகாரம், மேசைப் பலகை எல்லாம் சரிசெய்ய காக்ஸ் டவுனில் லவினா வீட்டுக்குத்தான் வரும். பீன்யாவில் ஒரு பிசின் கம்பெனியில் பதினாறு வருஷம் கலவை பார்த்தவள். அங்கே ஒருநாள் கலவை இறுகவில்லை. தராசு கோளாறு என்று அவள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தும், சூப்பர்வைசர் பழியை அவள் தலையில் போட்டார். பதில் பேசாமல் வேலையை விட்டாள். அப்படி வாயை மூடிக்கொண்டு வந்ததை நினைத்தால் இன்றும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஜூலையில் ஜோகுபாளையத்திலிருந்து காந்தா வந்தாள். இறந்துபோன கணவரின் பஸ் கண்டக்டர் பேட்ஜையும், கடைசி நாள் டூட்டியில் அவர் கிழித்த டிக்கெட் ஒன்றையும் ரெசினில் பதித்திருந்தாள். பத்து நாளாகியும் அது பாகு மாதிரி கொழகொழத்தது.

"யாருக்கா சொல்லிக் குடுத்தது?"

"இந்திராநகர்ல கிளாஸ் எடுக்கிற அஷ்வின். ரெண்டு கப் ரெசினுக்கு ஒரு கப் ஹார்டனர்னாரு. காயலன்னு போன் பண்ணா, மேல இன்னும் கொஞ்சம் ஹார்டனர் ஊத்துங்கன்னாரு. ஊத்துனேம்மா."

காந்தா கொண்டுவந்திருந்த ரெசின் டப்பாவை லவினா திருப்பிப் பார்த்தாள். எடையில் நூறு கிராம் ரெசினுக்கு ஐம்பது கிராம் ஹார்டனர் என்று போட்டிருந்தது. இறுக வைக்கிற ஹார்டனர் ரெசினைவிட லேசானது, கப்பில் அளந்தால் எடை குறைந்துவிடும். பிறகு மேலே ஊற்றியதும் உள்ளே கலக்காது.

சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்ததில் பேட்ஜ் பிழைத்தது. ஊறிப்போன டிக்கெட் கூழாக வந்தது.

"விடும்மா," என்றாள் காந்தா. லவினாவால் விட முடியவில்லை.

சனிக்கிழமை தராசோடு அஷ்வினின் கிளாஸுக்குப் போய், காந்தாவின் ரெசின் ஏன் இறுகவில்லை என்று கேட்டாள்.

"மழைக்காலம் மேடம், ஈரப்பதம்," என்றான்.

"உங்க ரெண்டு கப் ரெசினையும் ஒரு கப் ஹார்டனரையும் இதுல வைங்க."

நூறுக்கு நாற்பத்தொன்றுதான் வந்தது. கிளாஸுக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுவும் மழைதானா? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல, இல்ல?"

"அவங்களுக்குப் புது கிட் அனுப்பிடறேன் மேடம்."

"கிட்டு வந்தா? அந்த மனுஷன் எழுந்து வந்து இன்னொரு டிக்கெட் கிழிப்பாரா? அந்தம்மாகிட்ட பேசுங்க."

பேட்ஜை மட்டும் வைத்து, எடைபோட்டுக் கலந்து, லவினா புதிதாக ஊற்றினாள். இரண்டே நாளில் கல்லாக இறுகியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அஷ்வினுக்கு போன் போட்டு, "பேசிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நாலாவது வாரம் காந்தா கூப்பிட்டாள். "அந்தப் பையன் சாரி சொன்னாம்மா. எனக்கு எங்கிருந்துதான் கோவம் வந்துச்சோ, நல்லா திட்டிட்டேன்."

"இன்னும் ரெண்டு திட்டியிருக்கலாம்க்கா," என்றாள் லவினா.