கசின் என்றால் அத்தை மகன்

மீனம்பாளின் வாய்க்குப் பூட்டு கிடையாது. எதைப் படித்தாலும் யாருக்காவது சொல்லியாக வேண்டும். சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு வந்து, அங்கே பஸ் பிடித்துத் திண்டிவனம் போய் பி.ஏ. இங்கிலீஷ் படித்த பெண் அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்திதான். எண்பத்து நான்கில் அது சின்ன விஷயம் இல்லை. அவள் நைனா இளையபெருமாள் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். கார்டோடு வருகிறவர்களிடமெல்லாம் மகள் படிப்பைச் சொல்லிச் சொல்லியே வரிசையைத் தேங்க வைத்துவிடுவார்.

அவள் மனசில் இருந்தவன் ராஜாராம், அத்தை மகன். செஞ்சி கூட்டுரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தான். பஸ் தாமதமானால் அவன் கடை பெஞ்சில்தான் உட்காருவாள். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாய் இதை மட்டும் அவனிடம் பேசியதில்லை. அவனும் பேசவில்லை. முறைதான் இருக்கிறதே, தனியாகப் பேச என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே இருந்துவிட்டார்கள்.

மூன்றாம் வருஷத்தில் ஒரு பழைய அமெரிக்க நாவல் பாடமாக வந்தது. ஒரு பெண், அவளைக் கட்டிக்கொள்ளப் போட்டி போடும் இரண்டு ஆண்கள். ஒருவன் அவளுடைய கசின், பண்ணைக்காரன், குடிப்பான், குதிரையைப் போட்டு அடிப்பான். மற்றவன் வெளியூர்க்காரன், ரயில்வே குமாஸ்தா, பொறுமைசாலி. இருவரையும் ஒப்பிடச் சொல்லிக் கேள்வி வரும் என்று வகுப்பில் பேச்சு. புத்தகத்தை யார் முழுசாகப் படித்தார்கள்? மீனம்பாளும் நோட்ஸ் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அப்போது விதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிக்கும் நாட்கள். சாயங்காலம் கரண்ட் போனதும் நைனா, அம்மா, ராஜாராமைப் பெற்ற அத்தை எல்லோரும் முறத்தைச் சுற்றி உட்காருவார்கள். பாடத்தை மனப்பாடம் செய்கிற சாக்கில் இவள் கதையை எடுத்துவிட்டாள். கசின் என்கிற இடத்தில் கொஞ்சம் நின்றாள். கட்டிக்கொள்கிற முறை என்றால் அத்தை மகனாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியே சொன்னாள். அந்த வார்த்தையை எல்லார் எதிரிலும் சொல்ல வாய்த்ததே என்று உள்ளுக்குள் குளிர்ந்தும் போனாள், பாவிமகள்.

கதையில் அத்தை மகன் குடித்துவிட்டு வந்து அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்ட இடத்தில் நைனா உரிப்பதையே நிறுத்திவிட்டார். அத்தை, அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். குமாஸ்தாதான் நல்லவன் என்று நைனா தீர்ப்புச் சொன்னார். தராசு பிடித்த கை சும்மா இருக்குமா?

திண்டிவனத்தில் கரண்ட் ஆபீஸ் குமாஸ்தா கலியபெருமாள் வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்து போயிருந்தது. சொந்தம் விட்டுப்போகுமே என்று இழுத்துக்கொண்டிருந்த நைனா, அடுத்த வாரமே போய் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

“நீயேதான சொன்ன, சொந்தத்துல குடுத்தா இன்னா கதியாவும்னு” என்றார்.

மீனம்பாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லூரியில் மேடத்தைக் கேட்டாள். அந்தக் கசின் சித்தப்பா மகன், அவர்கள் பக்கம் அப்படியும் கட்டுவார்கள் என்றார் மேடம். வீட்டுக்கு ஓடிவந்து, அவன் அத்தை மகனே இல்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள். சித்தப்பன் மகன் என்றால் அண்ணன் ஆயிற்றே, தூ, இதெல்லாம் ஒரு கதையா என்று நைனா சிரித்தார். ராஜாராம் மாமாவுக்குத்தான் என்னைக் கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் வாய் திறந்து சொன்னாள். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கெட்டவர் இல்லை, கண்கூடக் கலங்கியது.

“வாக்கு குடுத்துட்டேம்மா. கதைய மாத்திச் சொல்லலாம், வாக்க மாத்த முடியுமா?”

ஒரே ஒரு வழிதான் மிச்சம். முறைக்காரன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுத்தால், அவனைக் கூப்பிட்டுத் தட்டில் வேட்டியும் வெற்றிலையும் வைத்து நீட்ட வேண்டும். அவன் தொடமாட்டேன் என்றால் கல்யாணம் நகராது. ராஜாராம் தொடமாட்டான் என்று சாமி மேல் பாரத்தைப் போட்டுக் கதவோரம் நின்றிருந்தாள்.

அவன் வந்தான். நைனா தட்டை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வெட்கத்தை விட்டுத் தெருவரைக்கும் பின்னாலேயே ஓடினாள். ஏன் வாங்கினாய் என்று கேட்டாள். ராஜாராம் வேட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டே சொன்னான்.

“அம்மா வந்து கதைய ஃபுல்லா சொல்லிச்சு. நான் வேணாம்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம் மீனம்பா. அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போவணுமா?”

கசின், சித்தப்பா மகன், மேடம் சொன்னது, நோட்ஸ் என்று அவள் என்னென்னவோ சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினான். ஒன்றைக்கூட நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.