நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு

என் மகளுக்கு வலிப்பு வந்து, என் மகன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடியபோது, நான் எதிர்ச் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போகவில்லை!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்பதுதான் காரணம். அதிலும் எனக்கு முழு நிச்சயம் இல்லை... எதையுமே முழுதாக நம்புகிற சுபாவம் எனக்கு வாய்க்கவில்லை.

மட்டாஞ்சேரியில் எனக்கு ஒரு பாத்திரக் கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். எழுபதுகளில் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஞாயிறுதோறும் எங்கள் சங்கக் கூடத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை உட்கார்த்திவைத்துப் பேசுவேன். வேலைக்குப் போன இடத்தில் எப்படி நடந்துகொள்வது, வீட்டை எப்படி நடத்துவது, சொன்ன சொல்லை எப்படிக் காப்பது... பெற்றவர்களிடமும் சொல்வேன்: "பிள்ளைகளை நம்புங்கள். நம்பினால்தான் பொறுப்பு வரும்."

அருமையான பேச்சு! என் மகன் கதிரேசனை மட்டும் நான் நம்பவில்லை.

அவனுக்கு அப்போது பதினாறு வயது. மலையாளத்தில் படித்தான், மலையாளத்தில் சிரித்தான். கூட்டாளிகளோடு அவன் வேகமாகப் பேசும்போது பாதி எனக்குப் புரியாது. புரியாத அந்தப் பாதியில்தான் எல்லாத் தவறும் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றும். அவன் குளிக்கப் போனதும் கொடியில் கிடக்கும் சட்டையை எடுத்து, பீடி வாடை இருக்கிறதா என்று முகர்வேன். ஒரு நாளும் இருந்ததில்லை. அதுவே என் சந்தேகத்தை வளர்த்தது... எவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறான்!

அந்த ஆண்டு மழைக்காலத்தில் என் மனைவி கோமதி, தங்கையின் பிரசவத்துக்காகத் தென்காசி போயிருந்தாள். மகள் வள்ளிக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவளை எங்களிடம் விட்டுப் போனாள். வள்ளிக்கு ஆறு வயது. மகனைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்தேன். சரக்கெடுக்கக் கோயம்புத்தூர் போவதாகச் சொன்னேன்.

"கதிரு, வீட்டையும் பிள்ளையையும் ஒன்னய நம்பி விட்டுட்டுப் போறேன்."

"ஒண்ணும் பேடிக்காதீங்கப்பா. போயிட்டு வாங்க" என்றான். பயப்பட என்ன இருக்கிறது என்பதுபோல் அவன் சிரித்த சிரிப்பையும் நான் சந்தேகித்தேன்.

நான் கோயம்புத்தூர் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே சுக்கு மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கி. அதன் மாடியறையைப் பாத்திரங்கள் போட்டுவைக்க வாடகைக்கு எடுத்திருந்தேன். பின்பக்கப் படி வழியாக ஏறினால் யார் கண்ணிலும் படமாட்டேன். இரவில் பக்கத்து ஊரான பள்ளுருத்தியில் ஒரு லாட்ஜில் படுக்கை. விடிந்ததும் மாடியறை. சன்னல் கதவை விரற்கடை அளவு திறந்துவைத்துக்கொண்டு, சொந்த வீட்டையே திருடனைப்போலப் பார்த்தேன்.

என்ன கண்டேன்? தங்கைக்குக் கோணல்மாணலாக இரட்டைப் பின்னல் போட்டுவிட்டான். கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனான். வாசலில் துணியை உலர்த்தினான், தூறல் விழுந்ததும் ஓடிவந்து எடுத்தான். பொறுப்பாகத்தான் இருந்தான். நீங்கள் நம்புவீர்களா... எனக்கு ஏமாற்றமாக இருந்தது!

மூன்றாம் நாள் இருவரும் பள்ளிக்கூடம் போகவில்லை. கதவு சாத்தியே கிடந்தது. பிற்பகலில் கொட்டுகிற மழையில் யாரோ ஒரு பையன் வந்தான். சட்டைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தான். கதவு திறந்தது, அவனை உள்ளே இழுத்துக்கொண்டு மூடியது. அகப்பட்டான் என்று என் மனம் துள்ளியது. சற்று நேரத்தில் அந்தப் பையன் வெளியேறி ஓடினான். நான் சன்னலைவிட்டு நகரவில்லை.

அப்புறம் கதவு மறுபடி திறந்தது. கதிரேசன் வள்ளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவள் தலை தொங்கியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

"ஓட்டோ! ஆரெங்கிலும் ஒரு ஓட்டோ விளிக்கோ!" யாராவது வண்டி கூப்பிடுங்கள் என்று அவன் கதறினான். தெருவில் ஒரு வண்டியும் இல்லை. பக்கத்து வீட்டு ஜோசப் சேட்டன் குடையோடு ஓடிவந்து, "எந்தா மோனே, எந்து பற்றி?" என்ன ஆயிற்று என்று கேட்டார். பதில் சொல்ல அவன் நிற்கவில்லை.

நான் ஏறிவந்த படிக்கு நேர் கீழே, கிட்டங்கியின் பின்முற்றத்தில் ஒரு டெம்போ நின்றிருந்தது. டிரைவர் திண்ணமாக அங்கேதான் சாயா குடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்!

ஏன் கொடுக்கவில்லை? அதிர்ச்சியில் கால் எழவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். அது பொய். முதலில் எனக்குத் தோன்றியது இதுதான்: பயல்கள் குழந்தைக்கு எதைக் கொடுத்தார்கள்? என்ன சொல்லி மறைக்கப்போகிறான், பார்க்கலாம்! அடுத்து வேறொன்று தோன்றியது... இறங்கிப் போனால், கோயம்புத்தூரில் இருக்கவேண்டியவன் இங்கே எப்படி வந்தேன் என்று சொல்வேன்?

அதற்குள் அவன் தெருமுனை திரும்பிவிட்டான். தங்கையைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடியிருக்கிறான்.

அன்று மாலையாவது போனேனா? இல்லை. கோயம்புத்தூர் ரயில் காலையில்தான்! லாட்ஜில் கண்ணை மூடாமல் கிடந்தேன். விடிந்ததும் எர்ணாகுளம் ஸ்டேஷனுக்குப் போய், ரயிலிலிருந்து இறங்கிய கூட்டத்தோடு கலந்து, பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். ஜோசப் சேட்டன் விவரம் சொன்னார். ஐயோ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். நன்றாகவே நடித்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கதிரேசன் என்னைக் கண்டதும் எழுந்தான். அழுதுகொண்டே சொன்னான்.

"நான் சரியா நோக்கலப்பா. காய்ச்சலா இருந்திச்சு. இவள விட்டுட்டுப் போக முடியாம, கூடப் படிக்கிறவன்கிட்டச் சொல்லி மருந்து வாங்கியாரச் சொன்னேன். நனையாம சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தான். அதுக்குள்ள இழுக்கத் தொடங்கிட்டு..."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் தலையில் கைவைத்து, "போகட்டும்லே. இனிமே கவனமா இரு" என்றேன்.

நான் அவனை மன்னித்தேன்! நான்!

வள்ளி பிழைத்தாள். ஆனால் அவள் இடது கைக்குப் பழைய பலம் திரும்பவில்லை. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் சரியாகியிருக்குமா? டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கத் துணியவில்லை.

இன்னும் கேளுங்கள். அடுத்த ஞாயிறிலிருந்து சங்கக் கூடத்தில் இதையே உதாரணமாகச் சொன்னேன். "ஒரு பிள்ளையை நம்பி விட்டுப் போனேன், தங்கையைக் காப்பாற்றினான், பாருங்கள்." கை தட்டினார்கள். கடைசி வரிசையில் கதிரேசன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

ஆண்டுகள் ஓடின. எண்பதுகளில் கடை அவன் பொறுப்புக்கு வந்தது. வள்ளிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், அவன் என் முகத்தைப் பாராமல் பேசினான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து, நமக்குச் சரக்குக் குடுக்கிற கோயம்புத்தூர் அண்ணாச்சிக்கு டிரங்க் கால் போட்டேன்ப்பா. நீங்க அங்க வரவே இல்லன்னாரு."

அப்படியானால், வராந்தாவில் என்முன் நின்று அழுதபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது! கூடத்தில் கை தட்டியபோதும்...

"அதுக்கு முந்தின நாளு ஒங்கள பள்ளுருத்தில கண்டதா ஜோசப் சேட்டனும் சொன்னாரு. அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒங்களுக்கும் வயசாவுது. பள்ளுருத்தில உள்ள அவங்களுக்கு எதாச்சும் வேணும்னா எங்கிட்டச் சொல்லுங்க. நம்ம கடமதான?"

எவங்களுக்கு? புரிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. எனக்கு அங்கே வேறொரு பெண்ணோடு தொடர்பு இருப்பதாக அவன் நினைத்திருக்கிறான்! பதினாறு வயதிலிருந்து அதைத் தாய்க்குத் தெரியாமல் நெஞ்சில் பூட்டிவைத்திருக்கிறான். கோமதியின் முகத்தை எப்படித்தான் பார்த்தானோ!

அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அப்படி யாரும் இல்லைடா. உன்னை வேவு பார்த்தேன். நீ கதறியதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்." நாக்கு வரை வந்தது. ஆனால் எண்ணிப் பாருங்கள்... எது பெரிய கேவலம்? ஒரு பெண்ணோடு இருந்ததால் வராமல் போன தகப்பனா, எதிரே நின்றும் வராமல் போன தகப்பனா?

"அவங்களுக்குச் சுகந்தானே?" என்று கேட்டான்.

"சுகந்தான்" என்றேன்.

அந்த ஓணத்துக்கு முந்தின நாள், கடையிலிருந்து ஒரு புதுக் குக்கரை எடுத்துக் காகிதத்தில் பொதிந்து, கயிறு கட்டி, என் கையில் கொடுத்தான். "அங்க குடுத்துருங்கப்பா."

வாங்கிக்கொண்டேன். அவன் கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஏறினேன். பள்ளுருத்தியில் இறங்கி, அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல், மார்போடு அணைத்துப் பிடித்தபடி தெருத் தெருவாக நடந்தேன்.